வாசலில் ஒரு பெயர்: பெர்லினில் நினைவுக்கல் பதிக்க விரும்புவோருக்கு

பெர்லினின் ஷோனபெர்க் நகர்மன்றக் கட்டடத்தில், நாடு கடத்திக் கொல்லப்பட்ட அப்பகுதி யூதர்களின் பெயர் அட்டைகளைத் தெருவாரியாக அடுக்கி வைத்திருக்கும் ஒரு கண்காட்சி இருக்கிறது. மழைக்கு ஒதுங்கப் போன இடத்தில் எங்கள் தெருவின் பெயரையும், அதன்கீழ் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் எண்ணையும், அந்த எண்ணுக்கு நேரே ஒரு கணவன் மனைவியின் பெயர்களையும் கண்டேன். அவர்களுக்காக எங்கள் வாசலில் நினைவுக்கல் பதிப்பது என்று அன்றே முடிவு செய்தேன். கல் பதிந்தது இரண்டு ஆண்டும் ஏழு மாதமும் கழித்து. அதுவும் எங்கள் வாசலில் அன்று, ஐந்து தெரு தள்ளி வேறொரு வீட்டின் முன்னால். அந்தக் காலத்தில் ஏறக்குறைய ஓராண்டு, வேலைகளை நான் தலைகீழான வரிசையில் செய்ததால் வீணானது. அந்த வரிசையைச் சரியாகச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

கல்லைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: ஜெர்மன் மொழியில் இதை ஸ்டோல்பர்ஸ்டைன், அதாவது இடறுகல் என்பார்கள். பத்து சென்டிமீட்டர் பக்க அளவுள்ள கான்கிரீட் கட்டியின் தலையில் பித்தளைத் தகடு பொருத்தி, கொல்லப்பட்டவர் தன் விருப்பத்தின்பேரில் கடைசியாக வாழ்ந்த வீட்டின் முன் நடைபாதையில், தரை மட்டத்தோடு பதிப்பார்கள். கலைஞர் குன்டர் டெம்னிக் 1990-களில் தொடங்கிய இந்தப் பணியில் 2023-இல் ஒரு லட்சமாவது கல் நியூரம்பர்க் நகரில் பதிக்கப்பட்டது. யூதர்களுக்கு மட்டுமன்றி நாஜிகளின் கொடுமைக்கு உள்ளான ரோமா மக்கள், அரசியல் எதிரிகள், ஊனமுற்றோர் முதலியோருக்கும் கல் உண்டு. நான் பட்டறிந்தது யூதக் குடும்பம் ஒன்றுக்கானது என்பதால் அதையே சொல்கிறேன்.

யூத மரபில் நினைவு என்பது மனத்தில் தோன்றி மறையும் உணர்ச்சி அன்று, கட்டளை. எபிரேய வேதத்தின் ஐந்தாம் நூலான உபாகமத்தில், 25-ஆம் அதிகாரத்தின் கடைசி மூன்று வசனங்கள் 'நினை' என்று தொடங்கி 'மறவாதே' என்று முடிகின்றன. இறந்தவருக்குச் செய்யும் உதவியை அந்த மரபு 'ஹெசெத் ஷெல் எமெத்', உண்மையான அன்புச் செயல் என்று அழைக்கிறது. கைம்மாறு செய்ய இயலாதவருக்குச் செய்வது என்பதே அதற்குக் காரணம். நம்மைப் போல் வெளியிலிருந்து வருபவர்கள் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் கடமை முதலில் குடும்பத்துக்கு உரியது. நாம் அவர்களுக்குக் கைகொடுக்கிறோம், அவ்வளவே. இதை மறந்ததுதான் என் முதல் தவறு.

1. எல்லாவற்றுக்கும் முன் குடும்பத்தைத் தேடுங்கள்

நான் ஆவணக் காப்பகங்களில் தொடங்கினேன். நீங்கள் ஜெருசலேமில் உள்ள, யூத இனப்படுகொலை நினைவு நிறுவனமான யாட் வஷேமின் பெயர்த் தரவுத்தளத்தில் தொடங்குங்கள். இணையத்தில் இலவசமாகத் தேடலாம். அதில் 'சாட்சியப் பக்கம்' என்றொரு படிவம் உண்டு. கொல்லப்பட்ட ஒருவருக்கு ஒரு பக்கம் என்ற கணக்கில், உறவினரோ அவரை அறிந்தவரோ எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தவை அவை. பெற்றோர் பெயர், பிறந்த ஊர், போருக்கு முன் வாழ்ந்த இடம் ஆகியவற்றோடு, படிவத்தை நிரப்பியவரின் பெயரும், இறந்தவருக்கு அவர் என்ன உறவு என்பதும், அப்போதைய முகவரியும் அடியில் இருக்கும். உங்களுக்கு வேண்டியது அந்த அடிப்பகுதி.

நான் தேடிய தம்பதிக்கு அவர்களுடைய மகள் 1950-களில் தென் அமெரிக்காவிலிருந்து இரண்டு பக்கங்கள் எழுதி அனுப்பியிருந்தார். மகள் காலமாகிவிட்டார். அவருடைய மகளை, அதாவது தம்பதியின் பேத்தியை, அந்நகரத்து யூதச் சமூக அலுவலகத்தின் வழியே கண்டுபிடிக்க எனக்கு ஆறு வாரங்கள் போதுமாக இருந்தன. அந்த ஆறு வாரங்களை முதலிலேயே செலவழித்திருந்தால் பின்னால் வந்த ஓராண்டு மிஞ்சியிருக்கும்.

முதல் கடிதத்தைச் சுருக்கமாக எழுதுங்கள். நீங்கள் யார், பெயர்களை எங்கே கண்டீர்கள், என்ன செய்ய நினைக்கிறீர்கள் என்பதோடு, அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுவீர்கள் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். எல்லாக் குடும்பங்களும் இந்தக் கல்லை விரும்புவதில்லை. கொல்லப்பட்டவரின் பெயரைச் செருப்புக் காலால் மிதிக்கும்படி தரையில் வைப்பது அவமதிப்பு என்று கருதுவோர் யூதச் சமூகத்திலேயே உண்டு. மியூனிக் யூதச் சமூகத்தின் தலைவர் ஷார்லோட் க்னோப்லோக் பல ஆண்டுகளாக அவ்வாறு வாதிட்டு வருகிறார், அந்நகர மன்றமும் பொது நடைபாதையில் கல் பதிக்க அனுமதிப்பதில்லை. மியூனிக்கில் இருப்பவர்கள் 2018 முதல் நகரமே சுவர்களிலும் கம்பங்களிலும் வைத்துவரும் நினைவுத் தகடுகளைப் பற்றி விசாரிக்க வேண்டும்.

யாட் வஷேமில் பக்கமே இல்லாத பெயராக இருந்தால், தேடல் முடிந்த பின் நீங்களே ஒன்றை எழுதிக் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. குடும்பம் கிடைத்தால் அவர்களைக் கொண்டே எழுதச் செய்வது முறை. அந்த நிறுவனத்தின் பெயரே ஏசாயா 56:5-இல் வரும் 'நினைவிடமும் பெயரும்' என்ற சொற்கள்தாம்.

2. எந்த வீடு என்பதை உறுதி செய்யுங்கள்

'விருப்பத்தின்பேரில் கடைசியாக வாழ்ந்த வீடு' என்று மேலே எழுதினேன் அல்லவா, நான் விழுந்த குழி அதுதான். நாடு கடத்தல் பட்டியலில் இருப்பது பிடித்துச் செல்லப்பட்ட முகவரி. 1939 ஏப்ரலில் வந்த சட்டம் யூத வாடகைதாரர்களின் பாதுகாப்பைப் பறித்தது. அதன்பின் அவர்களைச் சொந்த வீடுகளிலிருந்து வெளியேற்றி, வேறு யூதக் குடும்பங்களின் வீடுகளில் ஓர் அறை, அரை அறை என்று நெருக்கி வைத்தார்கள். எங்கள் கட்டடம் அந்தத் தம்பதிக்கு அப்படி வாய்த்த அறைதான். 'எங்கள் வீட்டில் வாழ்ந்தவர்கள்' என்று மாதக்கணக்கில் அக்கம்பக்கத்தாரிடம் பெருமையாகப் பேசித் திரிந்திருக்கிறேன். அவர்களுக்கோ அது வீடே அன்று.

சரிபார்க்க மூன்று வழிகள் உண்டு. பெர்லின் முகவரி நூல்கள் 1943 வரை மாநகர நூலகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெயர் வரிசையிலும் தெரு வரிசையிலும் தேடலாம். அவற்றில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும் என்பதால் மனைவி, பிள்ளைகள், உள்வாடகைக்கு இருந்தோர் அகப்பட மாட்டார்கள். இரண்டாவது, 1939 மே 17 அன்று எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் இணைப்பு அட்டைகள். அவற்றின் முகவரியும் நாடு கடத்தல் முகவரியும் வேறுபட்டால் உடனே எச்சரிக்கையாகிவிடுங்கள். மூன்றாவது, குடும்பத்தின் நினைவு. பேத்தியின் முதல் பதிலிலேயே, பியானோ இருந்த வீடு என்று தன் தாய் சொல்லக் கேட்ட தெருவின் பெயரை எழுதியிருந்தார். சாட்சியப் பக்கத்திலும் அதே தெருதான் இருந்தது. நான் அடிப்பகுதியை மட்டுமா பார்க்காமல் விட்டேன், நடுப்பகுதியையும்தான்.

தெருப் பெயர்களும் மாறியிருக்கும். ஷோனபெர்க்கின் ஹாபர்லாண்ட் தெரு ஒரு யூதரின் பெயரைத் தாங்கியது என்பதால் 1938-இல் நாஜிகள் அதற்கு வேறு பெயர்களை வைத்தார்கள். தெருவின் ஒரு பகுதிக்குப் பழைய பெயர் 1996-இல்தான் திரும்பியது. வீட்டு எண்களும், குண்டுவீச்சில் அழிந்து புதிதாகக் கட்டிய இடங்களில், அன்றைய எண்களோடு பொருந்தாமல் போகலாம். பழைய வரைபடத்தோடு ஒப்பிடாமல் எண்ணை எழுதாதீர்கள்.

3. சேகரிக்க வேண்டிய ஆவணங்கள்

விண்ணப்பத்துக்கு இவற்றின் படிகள் போதும். சான்றொப்பமிட்ட பிரதிகளை யாரும் கேட்கவில்லை.

பிறப்புப் பதிவு: ஜெர்மனியில் பிறப்புப் பதிவேடுகள் 110 ஆண்டுகளும், திருமணப் பதிவேடுகள் 80 ஆண்டுகளும், இறப்புப் பதிவேடுகள் 30 ஆண்டுகளும் கழிந்தபின் காப்பகத்துக்குச் சென்று எவரும் பார்க்கக்கூடியவை ஆகிவிடும். 1880-களில் பிறந்தவருக்குத் தடை இராது. 1930-களில் பிறந்த குழந்தை என்றால் உறவினரின் ஒப்புதல் கடிதம் தேவைப்படும். குடும்பத்தை முதலில் தேடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

நினைவு நூல்: ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் இணைய நினைவு நூலில் பிறந்த நாள், பிறந்த ஊர், நாடு கடத்திய நாள், சென்ற இடம் ஆகியவை இருக்கும். ஆரோல்சன் காப்பகத்தில் முகாம் அட்டைகளும் நாடு கடத்தல் பட்டியல்களும் உள்ளன. இரண்டும் இலவசம். தெரேசியன்ஷ்டாட் முகாமில் இறந்தவர் என்றால் செக் நாட்டு இணையத் தரவுத்தளத்தில் மரண அறிவிப்புப் படிவம் கிடைக்க வாய்ப்புண்டு.

சொத்து விவரப் படிவம்: போட்ஸ்டாமில் உள்ள பிராண்டன்பர்க் மாநிலக் காப்பகத்தில் இருக்கும் இந்தக் கோப்பை அவசரத்தில் தவிர்த்துவிடாதீர்கள். நாடு கடத்தப்படுவதற்குச் சில நாள்கள் முன்பு, தங்களிடம் இருந்த பொருள்களை அவர்களே வரிசையாக எழுதிக் கொடுக்க வேண்டியிருந்த படிவம் இது. அரசு அவற்றைப் பறிமுதல் செய்து விற்பதற்கான பட்டியல். நான் பார்த்தது பதினாறு பக்கம். மேசை, நாற்காலி, விளக்கு, படுக்கை விரிப்பு, கைக்குட்டை என்று அச்சிட்ட ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே எண்ணிக்கைக்கு ஒரு கட்டம். பெரும்பாலான கட்டங்களில் அவர் கோடு இழுத்திருந்தார். துடைக்கும் துண்டு என்ற இடத்தில் முதலில் 6 என்று எழுதி, அடித்து, 5 என்று திருத்தியிருந்தார். அதைக் கண்ட பிறகு எதையும் தோராயமாக எழுத எனக்குக் கை வரவில்லை.

கையெழுத்து ஒரு பெரிய தடை. அந்தத் தலைமுறையினர் குரென்ட் என்ற பழைய எழுத்துமுறையில் எழுதினார்கள். அதில் 'e' என்ற எழுத்து இன்றைய 'n' போலவே தோன்றும். ஜெர்மானியர் கையால் எழுதும் 1 நம் கண்ணுக்கு 7 ஆகவே படும். அவர்களுடைய 7-இல் குறுக்கே ஒரு கோடு இருக்கும், அதைக் கொண்டு பிரித்தறியுங்கள். நான் மனைவியின் பிறந்த ஆண்டையே ஆறு ஆண்டுகள் தவறாகக் குறித்து வைத்திருந்தேன். வட்டார வரலாற்றுக் குழுக்களில் இந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த முதியவர்கள் இருப்பார்கள். ஒரு காபிக்குப் படித்துத் தருவார்கள்.

4. கல்லில் என்ன எழுதுவது

தகட்டில் இடம் மிகக் குறைவு. வழக்கமான அமைப்பு இது: 'இங்கே வாழ்ந்தார்', பெயர், மணமான பெண் என்றால் பிறந்த வீட்டுப் பெயர், பிறந்த ஆண்டு மட்டும், நாடு கடத்திய நாள், இடம், கொல்லப்பட்ட நாளும் இடமும். நீங்கள் கொடுப்பது முன்மொழிவுதான். இறுதி வாசகத்தைக் கல் திட்டத்தார் முடிவு செய்வார்கள். எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் தட்டிப் பொறிப்பதால், பொறித்த பிறகு திருத்தம் என்பது புதிய கல்தான்.

பெயரில் ஒரு பொறி இருக்கிறது. 1939 ஜனவரி முதல், பட்டியலிட்ட 'யூதப் பெயர்' இல்லாத எல்லா யூத ஆண்களும் 'இஸ்ரேல்' என்றும் பெண்கள் 'சாரா' என்றும் கூடுதல் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நாஜி அரசு கட்டாயப்படுத்தியது. அதற்குப் பிந்தைய ஆவணங்கள் எல்லாவற்றிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கும். நான் முதல் வரைவில் 'சாரா' என்பதைச் சேர்த்தே பேத்திக்கு அனுப்பினேன். "என் பாட்டியின் பெயரில் அது இல்லை" என்று ஒரே வரி பதில் வந்தது. பிறப்புப் பதிவில் உள்ள பெயரையே எழுதுங்கள். அங்கேயே சாரா என்று இருந்தால் மட்டும் அது அவருடையது.

சொற்களிலும் கவனம் வேண்டும். 'குடிபெயர்ந்தார்', 'அப்புறப்படுத்தப்பட்டார்' என்று அன்றைய அலுவலகங்கள் எழுதியவை நாடு கடத்தலை மூடி மறைக்கும் சொற்கள். மரண அறிவிப்பில் குடல் அழற்சி, முதுமைத் தளர்ச்சி என்று நோயின் பெயர் இருக்கும். பட்டினி போட்டு அடைத்து வைத்தவர்கள் எழுதிய காரணம் அது. கல்லில் 'கொல்லப்பட்டார்' என்றே எழுதுவார்கள். 1945 மே 8 என்று இறந்த நாள் கண்டால் நம்பாதீர்கள். இறந்த நாள் தெரியாதவர்களுக்குப் போருக்குப் பின் நீதிமன்றங்கள் சட்டத் தேவைக்காகக் குறித்த நாள் அது.

தப்பிப் பிழைத்த பிள்ளைகளுக்கும் பெற்றோர் அருகே கல் வைக்கலாம். பிரிந்த குடும்பத்தை ஓரிடத்தில் சேர்ப்பது இத்திட்டத்தின் வழக்கம். நான் இரண்டு கல் என்று கணக்கிட்டிருந்தேன். பேத்தி தன் தாய்க்கும் கேட்டார். மூன்றாயிற்று.

5. விண்ணப்பம், செலவு, காலம்

பெர்லினில் மாநகர ஒருங்கிணைப்பு அலுவலகமும் வட்டாரக் குழுக்களும் விண்ணப்பங்களைப் பெறுகின்றன. பிற ஊர்களில் நகராட்சியிடம் கேளுங்கள். கல் பொது நடைபாதையில் பதிவதால் வேண்டிய அனுமதி நகராட்சியுடையது. பெர்லினில் வீட்டு உரிமையாளரின் ஒப்புதல் கட்டாயமில்லை, ஆயினும் முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது.

ஒரு கல்லுக்கு ஜெர்மனியில் நெடுங்காலமாக 120 யூரோ வாங்கி வந்தார்கள். விண்ணப்பிக்கும்போது அன்றைய தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். காப்பகப் பிரதிகளுக்கும் அஞ்சலுக்கும் எனக்கு 40 யூரோவுக்குள் முடிந்தது. முழுத் தொகையையும் ஒருவரே கொடுக்காமல், அந்தத் தெருவில் இன்று வாழ்பவர்களிடம் ஐந்து, பத்து என்று வாங்குங்கள். பணம் கொடுத்தவர், கல்லில் உள்ள பெயரை மறப்பதில்லை. குடும்பத்திடம் பணம் கேட்காதீர்கள். அவர்களாகத் தர விரும்பினால் மறுக்கவும் வேண்டாம்.

காத்திருக்கும் காலத்தை மாதங்களில் அன்று, ஆண்டுகளில் எண்ணுங்கள். என் விண்ணப்பம் ஓர் அலுவலகத்தில் எட்டு மாதம் திறக்கப்படாமலேயே கிடந்தது. பெற்றுக்கொண்டோம் என்ற மறுமொழி வரவில்லையே என்று நான்காம் வாரத்திலேயே தொலைபேசியில் கேட்டிருக்க வேண்டும். உறவினர் வயது முதிர்ந்தவர் என்றால் அதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

6. நாள் குறிப்பதும் நிகழ்ச்சியும்

வெள்ளி சூரியன் மறைந்ததிலிருந்து சனி இரவு வரை யூதர்களின் வாராந்தர ஓய்வு நாளான சப்பாத், அப்போது வைக்காதீர்கள். டிசம்பரில் பெர்லினில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் என்பதால் வெள்ளி மதியமும் தோதில்லை. ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர், பெசாக் முதலிய பண்டிகை நாள்களையும் நாள்காட்டியில் பாருங்கள். அவை ஆண்டுதோறும் இடம் மாறும்.

இறந்த நாளை ஒட்டி வைக்க விரும்பினால், யூதர்கள் 'யார்சைட்' என்னும் நினைவு நாளைக் கடைப்பிடிப்பது எபிரேய நாள்காட்டிப்படி என்பதை நினைவில் வையுங்கள். நம் திதியைப் போலவே அது சந்திரக் கணக்கில் வருவதால் ஆங்கிலத் தேதியோடு ஒட்டாது. நாள் தொடங்குவதும் முந்தைய மாலையில். அன்று 24 மணி நேரம் எரியும் விளக்கொன்று ஏற்றுவார்கள். இறந்த நாளே தெரியாதவர்களுக்காக இஸ்ரேலின் தலைமை ரபி மன்றம் தேவேத் மாதம் 10-ஆம் நாளைக் குறித்திருக்கிறது. பேத்தி தன் பாட்டிக்கு அந்த நாளில்தான் விளக்கேற்றுகிறார்.

இறந்தவருக்காகச் சொல்லும் 'கடீஷ்' என்ற வேண்டுதலை நீங்கள் சொல்ல முயலாதீர்கள். அதற்கு மின்யான் எனப்படும் பத்து வயதுவந்த யூதர்கள் கூட வேண்டும். பழமை பேணும் பிரிவினர் ஆண்களை மட்டுமே எண்ணுவார்கள், தாராளப் பிரிவினர் பெண்களையும் சேர்ப்பார்கள். எந்தப் பிரிவு என்பதைக் குடும்பத்திடம் கேட்டபின் அழையுங்கள். பத்துப் பேர் சேராவிட்டால் எபிரேய வேதத்தின் சங்கீத நூலிலிருந்து ஒரு பாடலோ, இறந்தவரின் ஆன்மாவுக்கான 'எல் மலே ரஹமீம்' என்ற வேண்டுதலோ போதும் என்பார்கள். வேண்டுதலில் இறந்தவரின் எபிரேயப் பெயரையும், இன்னார் மகன், இன்னார் மகள் என்று தந்தை பெயரையும் சொல்வார்கள். ஒரு மாதம் முன்பே குடும்பத்திடம் வாங்கி வையுங்கள். ஆண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும். மாலை, ஊதுபத்தி, சூடம் எதுவும் வேண்டாம். வெள்ளை ரோஜாவும் மெழுகுவர்த்தியும் பெர்லினில் வழக்கமாகிவிட்டன.

கல் பதிக்க எடுக்கும் நேரம் இருபது நிமிடந்தான். நீண்ட உரைகளைத் தவிருங்கள். எங்கள் நிகழ்ச்சியில் உரையாற்ற நான் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். பேத்தி மூன்று பெயர்களையும் உரக்கப் படித்துவிட்டு, மூன்றாம் மாடிச் சன்னலை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். என் தாள்கள் பையிலேயே இருந்துவிட்டன.

7. கல் பதிந்த பிறகு

பித்தளை சில மாதங்களில் பழுப்பேறும். பனிக்காலத்தில் தூவும் உப்பு அதை விரைவாகக் கறுக்கச் செய்யும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது துடைக்க வேண்டும். ஆஷ்விட்ஸ் முகாம் விடுவிக்கப்பட்ட ஜனவரி 27, 1938-இல் யூதர்கள் மீது நாடு முழுதும் தாக்குதல் நடந்த நவம்பர் 9 ஆகிய நினைவு நாள்களில் பெர்லின்வாசிகள் பலர் முழங்காலிட்டுத் துடைப்பதைப் பார்க்கலாம். கடைகளில் கிடைக்கும் பித்தளை மெருகுப் பசை, பழைய பருத்தித் துணி, ஈரப் பஞ்சு ஆகியவை போதும். கம்பித் தூரிகையும் சுரண்டும் கத்தியும் எழுத்துகளைக் கெடுத்துவிடும்.

நடைபாதையைத் தோண்டும் வேலை நடந்தால் கற்கள் காணாமற்போக வாய்ப்புண்டு. சாரம் கட்டுவதையோ, குழாய் பதிக்கப் பள்ளம் குறிப்பதையோ கண்ட உடனே ஒருங்கிணைப்பு அலுவலகத்துக்கும் ஒப்பந்தக்காரருக்கும் எழுதி, கற்களை எடுத்துப் பத்திரப்படுத்தி மீண்டும் பதிப்பதாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேலை தொடங்குமுன் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, வாசற்படியிலிருந்து எவ்வளவு தூரம் என்பது தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.